ஃபில்டர் மீடியா மாத்தியும் நைட்ரேட் இறங்கல: 3 அடி கோல்டுஃபிஷ் தொட்டி, காட்பாடி போர் தண்ணி

காட்பாடி மீன்தொட்டி:

வணக்கம். தொட்டி விவரத்தை முதல்ல சொல்லிடறேன். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நாலு கோல்டுஃபிஷ். மேல வைக்கிற டாப் ஃபில்டர் ஒண்ணு, ட்ரேயில வெள்ளைப் பஞ்சு, கார்பன் பாக்கெட், அரை கிலோ செராமிக் ரிங். ஏர் பம்ப்ல ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஓடுது. அடியில 2 இன்ச் கலர் கல். வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணி மாத்தறேன், எல்லாமே வீட்டு போர் தண்ணி.

ஏ.பி.ஐ. சொட்டு கிட்ல (சொட்டு விட்டு வர்ற நிறத்தை அட்டையோட ஒப்பிட்டுப் பார்க்கிற டெஸ்ட்) அம்மோனியா 0, நைட்ரைட் 0. மீன் கழிவு மாறிக் கடைசியாச் சேர்ற நைட்ரேட் மட்டும் நல்ல சிவப்பு. 80-ஆ 160-ஆன்னு கலரை வெச்சு சொல்ல முடியல. தண்ணி மாத்தின மறுநாள் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல.

மாசம் ஒரு தடவை கார்பனையும் செராமிக் ரிங்கையும் புதுசா மாத்தணும்னு மீன் கடையில சொல்றாங்க, நானும் அப்படித்தான் மாத்தறேன். இன்னொரு பக்கம், செராமிக் ரிங்தான் நைட்ரேட் ஃபேக்டரி, அதை எடுத்துட்டா குறையும்னு சொல்றாங்க. எது சரி? நைட்ரேட்டை இழுக்கிற மீடியா (ஃபில்டருக்குள்ள வைக்கிற பொருள்) ஏதாவது வாங்கணுமா?


ஆற்காடு அக்வா:

தம்பி, மீடியா வாங்கறதுக்கு முன்னாடி மூணு நம்பர் வேணும். தொட்டித் தண்ணியின் சரியான அளவு, போர் தண்ணியின் அளவு, ஒரு நாளைக்குப் போடற தீனி எத்தனை கிராம்.

80-ம் 160-ம் அந்த அட்டையில கிட்டத்தட்ட ஒரே சிவப்புதான், கண்ணை நம்பாதீங்க. தொட்டித் தண்ணி 1 மில்லி, ஆர்.ஓ. தண்ணி 4 மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்ச்ல அளந்து டியூப்ல 5 மில்லி ஆக்குங்க. அதுல டெஸ்ட் பண்ணி வர்ற நம்பரை 5-ஆல பெருக்குங்க. அந்த ஆர்.ஓ. தண்ணியையும் தனியா ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. மெம்பரேன் பழசாயிருந்தா அதுலயே நைட்ரேட் தங்கியிருக்கும், கணக்கு கோணிக்கும்.

ரெண்டாவது பாட்டில்தான் இந்த டெஸ்ட்ல நிறைய பேர் கோட்டை விடற இடம். அதுக்குள்ள இருக்கிற தூள் அடியில படிஞ்சு கெட்டியாயிடும். அரை நிமிஷம் கையை விடாம பாட்டிலைக் குலுக்கணும். ரொம்ப நாள் அலமாரியில சும்மா இருந்த பாட்டிலா இருந்தா மேஜை ஓரத்துல நாலு தட்டு தட்டி அப்புறம் குலுக்குங்க. முதல் பாட்டில்ல 10 சொட்டு விட்டுக் கலக்கி, ரெண்டாவதுல 10 சொட்டு விட்டு, டியூபை முழுசா ஒரு நிமிஷம் குலுக்கி, 5 நிமிஷம் கழிச்சுப் பாருங்க. தூள் கலங்காம சொட்டு விட்டா 80 இருக்கிற தண்ணி 10-னு குறைச்சுக் காட்டும்.

அடுத்து அதே மாதிரி போர் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. நம்ம பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு விடை அங்கதான் கிடைக்குது. கழிவறைக் குழி, சாக்கடைக் கசிவு, வயல்ல போடற உரம், எல்லாம் மண்ணுக்குள்ள இறங்கி நைட்ரேட்டாத்தான் போர்ல வந்து சேரும். நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது. டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைக் காட்டும், அதுல நைட்ரேட் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லாது.


காட்பாடி மீன்தொட்டி:

பண்ணிட்டேன் அண்ணா. கலந்து பார்த்ததுல 20 காட்டுது, அப்போ தொட்டி 100. போர் தண்ணி 40. ஆர்.ஓ. தண்ணி சுத்தமான மஞ்சள், 0. தீனி ஒரு நாளைக்கு 1 கிராம், நகைத் தராசுல வெச்சுப் பார்த்தேன், பாக்கெட்ல புரதம் 40 சதவீதம்னு போட்டிருக்கு. போர் தண்ணி டி.டி.எஸ். 1400, பி.எச். 8.2, கே.எச். (பைகார்பனேட் அளவு) 16.

வீட்ல உப்பு போடற சாஃப்ட்னர் இருக்கு. அந்தத் தண்ணியை ஊத்தினா நைட்ரேட் குறையுமா? தண்ணியில படிகாரம் சுத்திட்டு ஊத்தச் சொல்லியும் ஒருத்தர் சொன்னார்.


ஆற்காடு அக்வா:

ரெண்டும் வேண்டாம். சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துட்டு சோடியத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். நைட்ரேட் வந்த மாதிரியே வெளியே போகும். படிகாரம் கலங்கலைப் படிய வைக்கும், கரைஞ்ச நைட்ரேட்டைத் தொடாது, கூடவே பி.எச்.சைக் கீழே இழுக்கும். தண்ணியைக் கொதிக்க வெச்சா ஆவிதான் போகும், நைட்ரேட் பாத்திரத்துலயே தங்கி இன்னும் அடர்த்தியாகும். குறையணும்னா ஆர்.ஓ., மழைத்தண்ணி, இல்லன்னா நைட்ரேட் குறைவா இருக்கிற குழாய்த்தண்ணி. உங்க தெருவுல காவிரித் தண்ணி வந்தா அதையும் டெஸ்ட் பண்ணுங்க. அது நல்லா இருந்தா குளோரினை மட்டும் போக்கிட்டுப் பயன்படுத்தலாம், ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் ஓடினா போதும்.

இப்போ கணக்கு. உங்க தொட்டியில கல் 2 இன்ச், மேல காலி 2 இன்ச் போனா நிக்கிறது சுமார் 100 லிட்டர். புரதத்துல 16 சதவீதம் நைட்ரஜன். 40 சதவீதப் புரதத் தீனி 1 கிராம்ல 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கு. அது முழுசும் நைட்ரேட்டா மாறினா 280 மில்லிகிராம் சொச்சம். அதாவது உங்க 100 லிட்டர்ல ஒரு கிராம் தீனிக்கு 2.8 பி.பி.எம். (லிட்டருக்கு 2.8 மில்லிகிராம்). மீன் உடம்புல கால் பங்கு தங்கிடும்னு வெச்சா 2 பி.பி.எம்.முக்குக் கொஞ்சம் மேல. ஒரு வாரத்துக்கு 15.

இந்த 15 போய்ச்சேர ஒரே வழி நீங்க வெளியே எடுக்கிற தண்ணி. வாராவாரம் ஒரே அளவு மாத்திக்கிட்டே வந்தா, தண்ணி மாத்தறதுக்கு முந்தின நாள் நிக்கிற உச்சம் இப்படி வரும்: ஊத்தற தண்ணியோட நைட்ரேட், அதோட வாராந்திர ஏற்றத்தை மாத்தற பங்கால வகுத்தது. உங்களுக்கு 40, அதோட 15-ஐ கால் பங்கால (0.25) வகுத்தா 60. மொத்தம் 100. நீங்க அளந்ததும் 100. கிட்டும் சரி, தொட்டியும் சரி. இதே தண்ணியில கால் பங்கு மாத்தற வரைக்கும் எந்த மீடியாவை எத்தனை தடவை மாத்தினாலும் அங்கதான் வந்து நிக்கும்.

அதே போர் தண்ணியில பாதி பாதி மாத்தினாக்கூட 40-ம் 30-ம், 70. முதல்ல ஊத்தற தண்ணியை மாத்துங்க. மூணு பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு போர்னு கலந்தா உள்ளே வர்றது 10. வாரம் 40 லிட்டர் மாத்தினா உச்சம் 48 பக்கம் வரும். தீனியை முக்கால் கிராமாக்கினா இன்னும் இறங்கும்.

இன்னொண்ணு, இது வெயில் காலத்துல ரொம்ப முக்கியம். ஆவியாகிப் போறது வெறும் தண்ணி, நைட்ரேட் உள்ளேயே இருக்கு. குறைஞ்ச அளவுக்கு போர் தண்ணியை ஊத்தி நிரப்பினா அது தண்ணி மாத்தினது ஆகாது, மேல மேல உப்பு ஏத்தறதுதான். மே மாசத்துல ஃபேன் போட்ட தொட்டியில நாளைக்கு 2 லிட்டர் சாதாரணமாக் குறையும். வாரத்துக்கு 14 லிட்டர், லிட்டருக்கு 40 மில்லிகிராம்னா 560 மில்லிகிராம், 100 லிட்டர்ல 5.6 பி.பி.எம். உங்க தீனிக் கணக்குல மூணுல ஒரு பங்குக்கு மேல! நிரப்பறதுக்கு ஆர்.ஓ. மட்டும்தான்.


பஞ்சும் ரிங்கும்:

மீடியா பத்தி நான் சொல்றேன்.

செராமிக் ரிங்கை எடுக்காதீங்க, மாசாமாசம் மாத்தவும் செய்யாதீங்க. ரெண்டு ஆலோசனையும் மீனுக்கு ஆபத்து. அந்த ரிங்குல குடியிருக்கிற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தி, நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்துது. எவ்வளவு நைட்ரேட் வரும்ங்கிறதைத் தீனி முடிவு பண்ணுது, ரிங்கோட எடை இல்ல. ஒரு கிலோ ரிங் கூடப் போட்டாலும் நைட்ரேட் ஏறாது. உள்ள ரிங்கை எடுத்தீங்கன்னா அதே நைட்ரஜன் அம்மோனியாவா நிக்கும். உங்க பி.எச். 8.2, தண்ணிச் சூடு 30 டிகிரின்னா, மொத்த அம்மோனியாவுல பத்துல ஒரு பங்குக்கு மேல விஷமுள்ள வாயு வடிவத்துல இருக்கும். பி.எச். 7-ல அது ஒரு சதவீதத்துக்கும் கீழ. வேலூர்த் தண்ணியில பயோ மீடியாவோட விளையாடறது மத்த ஊரை விட ஆபத்து.

ஆனா 'ஃபேக்டரி'ன்னு சொல்றவங்க ஒரு விஷயத்தைத் தூரத்துல இருந்து பார்த்துத்தான் சொல்றாங்க. பஞ்சுலயும் கல்லுக்கு அடியிலயும் பிடிச்ச கழிவை எடுக்காம விட்டா அது அங்கேயே அழுகி அம்மோனியாவாகி, நைட்ரேட்டா தொட்டிக்கே திரும்பும். ஃபில்டருக்குள்ள இருக்கிற அழுக்கு கண்ணுக்குத்தான் மறைஞ்சிருக்கு, தண்ணிக்கு அது தொட்டிக்குள்ளதான் இருக்கு. மீனோட நைட்ரஜன் கழிவுல பெரும்பங்கு செவுள் வழியா நேரா அம்மோனியாவா போயிடுது, அதைப் பஞ்சு பிடிக்காது. மீதிக்குத்தான் சுத்தம் உதவும். அந்த மீதியும் கோல்டுஃபிஷ் தொட்டியில கொஞ்சநஞ்சம் இல்ல.

உங்க டாப் ஃபில்டர்ல தண்ணி முதல்ல விழற இடத்துல முரட்டு ஸ்பாஞ்ச் வைங்க, விரல் கடை அளவு தடிமன் போதும். அடுத்து வெள்ளைப் பஞ்சு. அதுக்குக் கீழ ரிங். கார்பனை எடுத்துடுங்க. கார்பன் நைட்ரேட்டைத் தொடாது. மருந்து போட்டு முடிச்ச பிறகு தண்ணியில மிச்சமிருக்கிற மருந்தையும் மஞ்சள் கறையையும் இழுக்க மூணு நாலு வாரம் வைக்கலாம், அப்புறம் தூக்கிப் போட்டுடணும். அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் ரிங் போட்டா நல்லது.

வெள்ளைப் பஞ்சு வாரத்துக்கு ஒண்ணு, குப்பைக்கு. அதைத் துவைச்சுத் திருப்பிப் போடாதீங்க, நார் உடைஞ்சு பம்ப் இறக்கையில சுத்திக்கும். தலையணைக்கு அடைக்கிற பாலியெஸ்டர் பஞ்சு மலிவு, வாசனையோ மருந்தோ ஏறாததாப் பார்த்து வாங்குங்க. முரட்டு ஸ்பாஞ்சும் ஏர் பம்ப் ஸ்பாஞ்சும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, தண்ணி மாத்த எடுத்த தொட்டித் தண்ணியிலயே பக்கெட்டுக்குள்ள நாலஞ்சு தடவை பிழியணும். தண்ணி டீ கலர்ல வர்ற வரைக்கும் பிழிஞ்சா போதும், தெளிவா வர்ற வரைக்கும் பிழியாதீங்க. ரெண்டு ஸ்பாஞ்சையும் ஒரே நாள்ல பிழிய வேண்டாம், ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது.

ரிங் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் பாதிதான், தொட்டித் தண்ணியில ரெண்டு ஆட்டு ஆட்டிட்டுத் திருப்பி வைங்க. குழாயடியில வெச்சுக் கழுவறது, உப்புல ஊற வைக்கிறது, வெயில்ல காய வைக்கிறது, எல்லாம் பாக்டீரியாவைக் கொல்ற வேலை. உடைஞ்சு தூளாகிற வரைக்கும் ரிங்குக்கு வயசே கிடையாது. மாத்தியே ஆகணும்னா புது ரிங்கைப் பழசு பக்கத்துலயே ஆறு வாரம் ஓட விட்டு, அப்புறம் பழசுல பாதியை எடுங்க. இத்தனை நாள் மாசம் ஒரு தடவை ரிங் மாத்தியும் உங்களுக்கு அம்மோனியா ஏறாததுக்குக் காரணம் அந்த ஏர் பம்ப் ஸ்பாஞ்சும் கல்லும்தான். அதனால புது ஏற்பாட்டுக்கு வர்ற முதல் மாசம் கல்லை முழுசாக் கிளறாதீங்க. ஒரு வாரம் இடப்பக்கம், அடுத்த வாரம் வலப்பக்கம், சைஃபன் குழாயைக் கல்லுக்குள்ள அடி வரைக்கும் குத்தி, பழுப்புத் தூள் ஏறி முடிஞ்சதும் பக்கத்து இடத்துக்கு நகருங்க. மாத்த வேண்டிய தண்ணி முழுக்க இப்படிக் கல்லுக்குள்ள இருந்தே எடுக்கலாம். நிறைய பேர் மேல் தண்ணியை மட்டும் மொண்டு ஊத்திட்டு அழுக்கை உள்ளேயே விட்டுடறாங்க.

இன்னொரு சோதனை பண்ணுங்க. ஃபில்டர்ல இருந்து விழற தண்ணியை 10 லிட்டர் பக்கெட்ல பிடிச்சு எத்தனை வினாடியில நிறையுதுன்னு பாருங்க. 65 வினாடி ஆனா மணிக்கு 550 லிட்டர். 100 லிட்டர் கோல்டுஃபிஷ் தொட்டிக்கு 500, 600 நல்ல ஓட்டம். பெட்டியில போட்டிருக்கிற நம்பர், மீடியா இல்லாம, உயரம் ஏத்தாம அளந்தது. மீடியா வெச்சதும் பாதிதான் வரும். 10 லிட்டருக்கு ரெண்டு நிமிஷம் ஆகுதுன்னா பஞ்சு அடைச்சிருக்கு, இல்ல பம்ப் இறக்கையில சுண்ணாம்பு ஏறியிருக்கு. நம்ம உப்புத் தண்ணியில அது சீக்கிரமே ஏறும். இறக்கையைக் கழட்டி வெள்ளை வினிகர்ல அரை மணி ஊற வெச்சு, பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சுக் கழுவிட்டு மாட்டுங்க.


வாணியம்பாடி வாட்டர் டெஸ்ட்:

ஆற்காடு அக்வா கொடுத்த நைட்ரேட் கணக்கு சரியானது. ஆனால் மூன்று பங்கு ஆர்.ஓ. என்ற அளவை நான் ஏற்க மாட்டேன். காரணம் கே.எச்.

பாக்டீரியா நைட்ரேட் உண்டாக்கும்போது கூடவே அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலத்தைத் தாங்குவது தண்ணீரில் உள்ள பைகார்பனேட், அதைத்தான் கே.எச். கிட் அளக்கிறது. தீனியிலிருந்து வரும் நைட்ரேட் 22 பி.பி.எம். ஏறினால் கே.எச். 1 டிகிரி குறையும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். இப்போது தம்பியின் போர் தண்ணீரில் கே.எச். 16 இருப்பதால் இதெல்லாம் தெரியவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று கலந்தால் உள்ளே வருவது 4. வாரம் 15 நைட்ரேட் ஏறி 40 லிட்டர் மாற்றினால் அது 2.3-இல் போய் நிற்கும். ஊருக்குப் போய் மூன்று வாரம் தண்ணீர் மாற்றாமல் விட்டால் சுழியத்தை நெருங்கும், பி.எச். 6-க்குக் கீழே சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா சேரத் தொடங்கும். பி.எச். குறைவாக இருப்பதால் அப்போது மீன் உடனே சாகாது. திரும்பி வந்தவர் பதறிப்போய்ப் பாதித் தொட்டி போர் தண்ணீரை ஊற்றுவார், பி.எச். ஒரேயடியாக 8-க்கு ஏறும், சேர்ந்திருந்த அம்மோனியா விஷ வடிவத்துக்கு மாறும், மீன் அன்று இரவே போகும். 'தண்ணீர் மாற்றினேன், மீன் செத்துவிட்டது' என்று கேட்கும்போது பல நேரம் இதுதான் நடந்திருக்கும். வெறும் ஆர்.ஓ. கேன் தண்ணீரில் கோல்டுஃபிஷ் வளர்க்கும் தொட்டிகள் இந்த நிலைக்கு வேகமாகவே வந்துவிடும்.

எனவே 2 பங்கு ஆர்.ஓ., 1 பங்கு போர். வாரம் 30 லிட்டர் ஆர்.ஓ., 15 லிட்டர் போர், மொத்தம் 45. ஆர்.ஓ. மட்டும் 20 லிட்டர் கேனில் ஒன்றரை கேன். உள்ளே வரும் நைட்ரேட் 13, கே.எச். 5.3. தீனியைக் குறைத்து, கல்லை ஒழுங்காக உறிஞ்சி வார ஏற்றத்தை 10-க்குக் கொண்டுவந்தால் உச்சம் 35, மாற்றிய அன்று 25 பக்கம். கே.எச். 4-க்குக் கீழே போகாது. கோல்டுஃபிஷுக்கு இது நிம்மதியான இடம். எப்போதாவது கே.எச். 4-க்குக் கீழே காட்டினால் சமையல் சோடா 3 கிராம் 100 லிட்டருக்கு 1 டிகிரி உயர்த்தும். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள், ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

அதற்காக நாளைக்கே 45 லிட்டர் மாற்றிவிடாதீர்கள். தொட்டியின் டி.டி.எஸ். இப்போது 1400-க்கும் மேலே இருக்கும், கலவையின் டி.டி.எஸ். 500 பக்கம். ஒரே நாளில் பாதி மாற்றினால் மீனின் உடல் உப்புச் சமநிலை தடுமாறும். மூன்று நாளுக்கு ஒரு முறை 20 லிட்டர் மாற்றுங்கள். 100-இல் தொடங்கினால் ஐந்தாவது முறையில் 52 பக்கம் வந்துவிடும். அதன் பிறகு வாரம் ஒரு முறைக்குப் போகலாம்.

ஆய்வகத்தில் தண்ணீர் கொடுத்து ரிப்போர்ட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில ரிப்போர்ட்டில் 'நைட்ரேட்' என்றும் சிலவற்றில் 'நைட்ரேட் நைட்ரஜன்' என்றும் இருக்கும். இரண்டாவதை 4.43-ஆல் பெருக்கினால்தான் கிட் காட்டும் எண்ணோடு ஒப்பிட முடியும். 9 என்று பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது, அது 40. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 அனுமதிப்பது நைட்ரேட்டாக 45. தம்பியின் போர் தண்ணீர் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் தொட்டிக்கு அது 40-இல் தொடங்கும் தண்ணீர்.

கிட் மேல் சந்தேகம் இருந்தால் உரக்கடையில் கிடைக்கும் 13-0-45 பொட்டாசியம் நைட்ரேட் உரம் 1.63 கிராம் எடுத்து 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். அது 1000 பி.பி.எம். அதில் 20 மில்லி எடுத்து இன்னொரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் விட்டால் 20 பி.பி.எம். அதில் கிட் 20 காட்ட வேண்டும். புதுத் தொட்டியில் நைட்ரைட் இன்னும் இருக்கும்போது நைட்ரேட் கிட் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அந்தச் சோதனையே நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கித்தான் நிறம் காட்டுகிறது, இருக்கும் நைட்ரைட்டையும் சேர்த்துக் கூடுதலாகச் சொல்லும்.


காட்பாடி மீன்தொட்டி:

நன்றி அக்கா, 2-க்கு 1 கலந்தே ஆரம்பிக்கிறேன். சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் போற ஃப்ரெண்டு ஒருத்தர் இருக்கார். பியூரிஜென், நைட்ரேட் ரெசின், நுண்துளை கல் இதெல்லாம் அங்க கிடைக்குதுன்னு சொல்றார். ஏதாவது ஒண்ணு வாங்கச் சொல்லலாமா? மணி பிளான்ட் வைக்கலாமா?


பஞ்சும் ரிங்கும்:

பியூரிஜென் நைட்ரேட்டை இழுக்காது. தண்ணியில கரைஞ்ச கரிமக் கழிவை அம்மோனியா ஆகறதுக்கு முன்னாடியே பிடிக்கும், தண்ணி கண்ணாடி மாதிரி தெளியும். 100 மில்லி 400 லிட்டர் வரைக்கும் போதும்னு போட்டிருப்பாங்க. அதோட உருண்டை மணிகள் ரொம்பப் பொடிசு, சாதாரண வலைப்பையில நிக்காது, அதுக்குன்னு இருக்கிற மெல்லிய பையில போட்டு வெள்ளைப் பஞ்சுக்குக் கீழ வைக்கணும். பழுப்பானதும் வாசனை சேர்க்காத பிளீச்சும் தண்ணியும் சரிபாதி கலந்து 24 மணி நேரம் ஊற வெச்சு, அலசி, குளோரின் நீக்கியில 8 மணி நேரம் ஊற வெச்சுத் திருப்பிப் போடலாம். பிளீச் வாடை கொஞ்சம் இருந்தாலும் தொட்டியில போடாதீங்க. உங்க பிரச்சினைக்கு இது அவசரம் இல்ல.

நைட்ரேட் ரெசின் நிஜமாவே நைட்ரேட்டைப் பிடிக்கும். ஆனா சல்ஃபேட் நிறைய இருக்கிற தண்ணியில சாதாரண ரெசின் சல்ஃபேட்டைப் பிடிச்சு நிறைஞ்சுடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து உப்பு போர் தண்ணியில அதை நேரா போட்டா சீக்கிரமே உட்கார்ந்துடும், திரும்பத் திரும்ப உப்புத் தண்ணியில ஊற வெச்சு எடுக்கணும். ஆர்.ஓ. வசதி இருக்கிறவருக்கு அந்தச் செலவு தேவையில்ல.

நுண்துளை கல் வாங்கினா நல்ல பயோ மீடியாவா இருக்கும். அதுக்குள்ள ஆக்சிஜன் இல்லாத இடத்துல நைட்ரேட் வாயுவா மாறிப் போகும்னு விக்கிறாங்க. அதுக்கு மெதுவான ஓட்டம் வேணும், பாக்டீரியாவுக்குச் சாப்பிடக் கார்பன் வேணும். மணிக்கு 500 லிட்டர் ஓடற டாப் ஃபில்டர்ல அது பெரிசா நடக்காது. மெதுவா ஓடற தனி டியூப் செஞ்சு வைக்கிறவங்க இருக்காங்க. ஓட்டம் கொஞ்சம் வேகமானா நைட்ரைட் வரும், ரொம்ப மெதுவானா அழுகின முட்டை வாடையோட ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். தினம் டெஸ்ட் பண்ண முடியாதவங்க அந்தப் பக்கம் போகாம இருக்கிறது மீனுக்கு நல்லது. சர்க்கரை, வோட்கா ஊத்தறதும் அதே வகை, நம்ம வெயில்ல பாக்டீரியா பெருகித் தண்ணி பால் மாதிரி ஆகி ஆக்சிஜனைக் குடிச்சுடும்.


பாகாயம் பசுமை:

மணி பிளான்ட் வைங்க ப்ரோ, தாராளமா. வேர் மட்டும் தண்ணிக்குள்ள இருக்கணும், தண்டும் இலையும் மேல. இலை மூழ்கி அழுகினா அதுவே நைட்ரேட் ஆகும். முதல்ல பாட்டில்ல வெச்சு வெள்ளை வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் தொட்டிக்கு மாத்துங்க. டாப் ஃபில்டர் ட்ரேயில வைக்காதீங்க, வேர் ஓட்டையை அடைச்சுத் தண்ணி வெளியே வழியும். தொட்டி ஓரத்துல கிளிப் போட்டு மாட்டுங்க, ஜன்னல் வெளிச்சம் படணும்.


ஆற்காடு அக்வா:

வைக்கலாம், ஆனா அதை நம்பித் தண்ணி மாத்தறதைத் தள்ளிப் போடக் கூடாது. செடி எடுத்துக்கிற நைட்ரஜன் அது புதுசா வளர்ற அளவுக்குத்தான். பச்சையா 10 கிராம் புதுத் தழை வந்தா சுமாரா 1 கிராம் காய்ஞ்ச எடை, அதுல 30, 40 மில்லிகிராம் நைட்ரஜன். உங்க 100 லிட்டர்ல ஒன்றரை பி.பி.எம். வாரத்துக்கு 10 ஏறுற தொட்டியை மணி பிளான்ட் மட்டும் சமாளிக்கணும்னா வாரம் 60, 70 கிராம் புதுத் தழை வளரணும். ஜன்னல்ல பத்து கொடி வெச்சாலும் கஷ்டம். இலை வெச்சு ஆறு மாசமா அப்படியே நின்னா அது அழகுக்கு நிக்குது, வேலை செய்யல.


பாகாயம் பசுமை:

அண்ணா கணக்கு சரிதான். அதான் வளர்றதை வெட்டி வெளியே எடுக்கணும்னு சேர்த்துச் சொல்றேன். பழுத்த இலை தண்ணிக்குள்ள விழுந்து கிடந்தா எடுத்த நைட்ரஜன் திரும்ப உள்ளேதான். ஹார்ன்வோர்ட்ங்கிற தண்ணிச்செடி வேகமா வளரும், கோல்டுஃபிஷ் மேயறதைத் தாண்டி மிஞ்சும். ஏரியில இருந்தோ பாலாத்துக் குட்டையில இருந்தோ பிடுங்கிட்டு வராதீங்க, நத்தையும் அட்டையும் வயல் மருந்தும் கூட வரும். ஐப்பசி கார்த்திகை மழையில மொட்டைமாடித் தண்ணியைப் பிடிச்சு வெச்சா ஆர்.ஓ.வுக்குப் பதிலா அதையே கலக்கலாம். முதல் ரெண்டு மழையை விட்டுடணும், தகரக் கூரை, தார் பூசின தளம் வேண்டாம், மூடின டிரம்ல வைங்க.


பஞ்சும் ரிங்கும்:

கரண்ட் போறதைப் பத்தி யாரும் சொல்லல. தண்ணி 25 டிகிரியில 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 33 டிகிரியில 7.2 பக்கம்தான். நாலு கோல்டுஃபிஷ், அதே அளவுக்கு ஆக்சிஜன் குடிக்கிற பாக்டீரியா, மே மாசத்துல மூணு மணி நேரம் கரண்ட் இல்லன்னா மீன் மேல வந்து வாய் பிளக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணை ஏர் பம்ப் ஸ்பாஞ்சுக்கே மாட்டுங்க, மீனுக்கும் காத்து, பாக்டீரியாவுக்கும் ஓட்டம். டாப் ஃபில்டர் ரிங் ஈரமா காத்துல இருக்கும், சில மணி நேரம் தாங்கும். மூடின டப்பா மாதிரி இருக்கிற கேனிஸ்டர் ஃபில்டர் வெச்சிருக்கிறவங்க நாலஞ்சு மணி நேரம் நின்னு போனா அப்படியே ஆன் பண்ணாதீங்க. உள்ளே தேங்கின தண்ணியைக் கீழ ஊத்திட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணியில அலசிட்டு ஓட்டுங்க. உள்ளே செத்தது எல்லாம் ஒரே மூச்சுல தொட்டிக்கு வரும் இல்லன்னா.


காட்பாடி மீன்தொட்டி:

கடைசியா ஒண்ணு. 45 லிட்டர் பழைய தண்ணியை வாராவாரம் சாக்கடையில ஊத்த மனசு வரல. மாடியில ரோஜாவும் தக்காளியும் இருக்கு, ஊத்தலாமா?


வாணியம்பாடி வாட்டர் டெஸ்ட்:

புதுக் கலவைக்கு வந்து தொட்டியின் டி.டி.எஸ். 700-க்குக் கீழே இறங்கிய பிறகு ஊற்றுங்கள், நைட்ரேட் செடிக்கு உரம்தான். இப்போது உள்ள 1400-க்கு மேற்பட்ட தண்ணீரைத் தொட்டிச்செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளை உப்புப் படியும், ரோஜா இலை ஓரம் கருகும். மீனுக்குக் கல் உப்போ மருந்தோ போட்ட வாரத்தின் தண்ணீர் செடிக்கு வேண்டாம், குறிப்பாகச் சாப்பிடும் காய்க்கு வேண்டாம். ஸ்பாஞ்ச் பிழிந்த பழுப்புத் தண்ணீரை மட்டும் இன்றிலிருந்தே ஊற்றலாம், அளவு குறைவு, சத்து அதிகம். அடியில் படிந்த வண்டலையும் கலக்கியே ஊற்றுங்கள்.